கொசுறு கொடுத்த கடைகள்

(பட்டிமன்றத் தலைப்பு: மக்கள் மனத்தில் நிற்பவை அன்றைய தெருக்கடைகளா? இன்றைய பெருங்கடைகளா? 'அன்றைய தெருக்கடைகளே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் அணியைப் பாதி கொன்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணித் தங்கையே!

தங்கை சொன்னாங்க: "செல்போனை அழுத்தினால் பத்து நிமிஷத்திலே கொத்தமல்லி வீட்டுக்கு வருது. இதைவிட என்ன வேணும்?" வருதும்மா, இல்லைன்னு சொல்லலே. ஆனா அந்தக் கொத்தமல்லிக்குக் காசு கேக்கிறானே! (சிரிப்பு, கைதட்டல்) இந்த நாட்டிலே கொத்தமல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் காசு கேட்ட காலம் ஒன்று உண்டா? காய் வாங்கினால் கொசுறு. 'கொசுறு' என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்ல என் வகுப்பிலே எனக்கு இப்போ பத்து நிமிஷம் ஆகுது. "சார், டிஸ்கவுண்டா?"ன்னு கேக்கிறான் பையன். டிஸ்கவுண்ட் கணக்கிலே வரும்டா. கொசுறு கணக்கிலே வராது. அதுதான் வித்தியாசம்.

நான் சென்னைக்காரன். புரசைவாக்கத்திலே ஒரு சந்து. 1970-லே பிறந்தவன். எங்கள் சந்து முனையிலிருந்து பெரிய தெருவுக்கு நடந்தால் வரிசையாக் கடைகள். முதலில் விறகுத் தொட்டி. அடுத்து வாடகை சைக்கிள் கடை. அதற்கடுத்து மாவு மில். எதிரே வாடகை நூல் நிலையம். மூலையிலே அண்ணாச்சி கடை. இன்றைக்கு அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை.

விறகுத் தொட்டியைப் பற்றி முதலிலேயே சொல்லிடறேன். அது போனதற்கு நான் அழமாட்டேன். எங்கம்மா அந்த விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றதைப் பார்த்தவன் நான். மழைக் காலத்திலே ஈர விறகைத் தராசிலே ஏற்றி, தண்ணீருக்கும் சேர்த்துக் காசு வாங்கின புண்ணியவான்கள் அவர்கள். கேஸ் அடுப்பு வந்தது, தொட்டி மூடியது. நல்லாத்தான் மூடியது. என் அணித் தலைவர் முறைக்கிறார். ஐயா, பழசு எல்லாம் பொன் என்று பேச நான் இங்கே வரலே.

சைக்கிள் கடைக்கு வாங்க. அரை மணி நேரத்துக்கு 25 காசு. (அந்தக் கால் ரூபாய் நாணயமே 2011 ஜூன் 30-ஓடு செல்லாமப் போச்சு!) சின்ன சைக்கிள் இரண்டே இரண்டு, பையன்கள் இருபது பேர். கடைக்காரர் நோட்டிலே பெயர், தெரு, எடுத்த நேரம் எழுதிக்குவார். ஆதார் கார்டா, அட்வான்ஸா? "நீ அச்சுக்கூடத்துக்காரர் பையன்தானே, எடுத்துட்டுப் போ." அவ்வளவுதான் ஜாமீன். ஐந்து நிமிஷம் தாமதமா வந்து, "அண்ணே, உங்க கடிகாரம் வேகமா ஓடுது"ன்னு சொல்லுவேன். அவர் கடிகாரத்தையும் பார்ப்பார், என் முழங்கால் சிராய்ப்பையும் பார்ப்பார். காசைக் கேக்க மாட்டார், தேங்காய் எண்ணெய் போட்டுக்கச் சொல்வார்.

நூல் நிலையம்னு சொன்னேன். பத்துக்குப் பத்து அறை. கல்கி வார இதழிலே 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனை, ஓவியர் மணியம் படங்களோடு வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, தடி தடியாய் பைண்டு பண்ணி வைத்திருந்தார் அதன் உரிமையாளர். மூன்றாம் பாகம் எப்போதும் யார் வீட்டிலாவது இருக்கும். நான் முனைவர் பட்டம் வாங்கினவன். ஆனால் எனக்கு முதல் நெறியாளர் அவர்தான். ஒரு நாள் ஒரு நாவலை எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கி, "இது உனக்கு இல்லே. ஐந்து வருஷம் கழிச்சு வா"ன்னார். ஐந்து வருஷம் கழிச்சுப் போனேன். கடையிலே வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கிட்டிருந்தார்! (சிரிப்பு)

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போவார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலே, செக்கச் செவேல்னு கட்டடம். 1900-லே திறந்தது. அந்தக் காலத்து மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரிலே. உள்ளே நுழைஞ்சா ஒரு பக்கம் கிளியும் புறாவும், ஒரு பக்கம் பழைய கிராமபோன் தட்டு, ஒரு பக்கம் மூக்குக் கண்ணாடி, நடுவிலே மலை மலையாய்ப் பழைய புத்தகம். விலை கேட்பது ஒரு கலை. எடுத்த புத்தகத்தைப் பிடிக்காத மாதிரிப் பிடிக்கணும். கடைக்காரர் எட்டு ரூபாய் என்பார். அப்பா சிரிப்பார். அவர் ஆறு என்பார். அப்பா நடப்பார். நாலு அடி போனதும், "சாமி, வாங்க, போணி ஆகலே"ன்னு குரல் வரும். அப்படி மூன்று ரூபாய்க்கு வாங்கித் தந்த நன்னூல் உரைதான் என்னை இந்த மேடையிலே நிறுத்தி வைத்திருக்கு.

1985 மே 30. மூர் மார்க்கெட் தீப்பிடிச்சது. மறுநாள் நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். காலடியிலே கருகின தாள். அப்பா அச்சுக் கோப்பவர். குனிந்து ஒரு தாளை எடுத்து, எரியாம மிச்சம் இருந்த நாலு எழுத்தைப் பார்த்துட்டு, "இது பன்னிரண்டு பாயிண்ட்டுடா"ன்னார். வேற ஒண்ணும் பேசலே. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்திலே இடம் கொடுத்தாங்க. மார்க்கெட் நின்ற இடத்திலே இன்றைக்குப் புறநகர் ரயில் நிலையம். தினமும் ஆயிரக்கணக்கில் மக்கள் இறங்கி ஏறுகிறார்கள். பயன்தான்.

தங்கை கேட்டாங்க: "அந்தக் கடையிலே எடை குறைப்பு இல்லையா? கலப்படம் இல்லையா? கல்லாவுக்கு வெளியே நிற்க வைத்தார்களே, இன்றைக்குப் பெண்கள் உள்ளே போய்த் தானே எடுத்துப் பார்த்து வாங்குகிறோமே?" நல்ல கேள்வி. எல்லாரையும் ஒரே மாதிரி நிறுத்தி வைத்த கடைகளா அவை? இல்லை. ஆளைப் பார்த்து நிற்கும் தூரத்தை முடிவு பண்ணின கடைகளும் இருந்தன. பணம் கொடுத்தால் பேர் கேட்காத கடை, சிலருக்கு விடுதலைதான். ஒத்துக்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வாங்கும்போது அதிகம் எடுக்க மாட்டார், கொடுக்கும்போது குறைக்க மாட்டார் என்று பட்டினப்பாலை பெருமைப்படுது. அதைச் சிறப்பாகச் சொல்கிறது என்றாலே, மற்ற ஊரிலே என்ன நடந்ததுன்னு தெரியலையா? (சிரிப்பு)

ஆனால் தங்கை இன்னொன்றும் சொன்னாங்க. "அண்ணாச்சி கடனுக்குக் கொடுத்தார் என்று பெருமை பேசாதீர்கள், இன்றைக்குக் கிரெடிட் கார்டும் கடன்தான் தருது." அங்கேதான் எனக்குப் பேச வேண்டியிருக்கு.

1983. எனக்கு 13 வயசு. அப்பா வேலை பார்த்த அச்சுக்கூடத்தை மூடிட்டாங்க. ஐந்து மாதம் வீட்டிலே சம்பளம் இல்லை. அண்ணாச்சி கடையிலே இரண்டு நோட்டு. நீளமானது கடையிலே இருக்கும், சின்னது எங்க வீட்டிலே. சாமான் வாங்கினா இரண்டிலும் எழுதணும். அம்மாவுக்குப் போக வெட்கம். என்னை அனுப்புவாங்க. மத்தியானம் இரண்டு மணிக்கு, கடையிலே கூட்டம் இல்லாத நேரம் பார்த்து. நான் நோட்டைச் சட்டைக்குள்ளே மறைச்சு எடுத்துட்டுப் போவேன்.

ஒரு நாள் அரிசி இல்லை, சாயங்காலமே போக வேண்டியதாப் போச்சு. கடை நிறைய ஆள். என் வகுப்புப் பையனோட அம்மாவும் நிக்கிறாங்க. கடைக்குப் புதுசா வந்த பையன், நீள நோட்டைப் புரட்டி, சத்தமா, "அண்ணாச்சி, இவங்க 312 ரூபாய் பாக்கி"ன்னான். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க.

அண்ணாச்சி தராசிலேயிருந்து கண்ணை எடுக்கலே. "ஏலே, அது பழைய பக்கம்லா. அவுக போன வாரமே குடுத்தாச்சு. நீ அரிசியக் கட்டு"ன்னார்.

நாங்க கொடுக்கலே, நடுவர் அவர்களே. ஒரு பைசா கொடுக்கலே. (நீண்ட கைதட்டல்)

இல்லே, கை தட்டாதீங்க. கதை இன்னும் முடியலே. அப்பாவுக்கு வேற வேலை கிடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா அந்தக் கடனைக் கட்டினோம். நான் படிச்சேன். 1997-லே கல்லூரியிலே விரிவுரையாளர் ஆனேன். பெரிய தெருவிலே கண்ணாடிக் கதவு வைத்த கடை வந்தது. தள்ளுவண்டி, குளிர்சாதனம், கம்ப்யூட்டர் பில். 1998-லே நாங்களும் அங்கே மாறிட்டோம். சம்பளம் வாங்குற வீட்டுக்கு நோட்டு எதுக்கு? கடைசியா அண்ணாச்சி கடை நோட்டிலே பாக்கி 18 ரூபாய் 50 காசு. அம்மா காசை என் கையிலே கொடுத்து, கட்டிட்டு வாடான்னாங்க. சட்டைப் பையிலே வச்சேன். போய்க் கொடுத்தா, "இனிமே வரமாட்டோம்"னு சொல்ற மாதிரி ஆகுமே, அவர் முகத்தைப் பார்க்கணுமேன்னு நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளினேன். அப்புறம் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடிக் கடைப் பையைக் கையிலே வச்சுக்கிட்டு, எதிர்ப்பக்க ஓரமா நடந்தேன். ஆறு வருஷம் நடந்தேன். அவர் ஒரு நாளும் கூப்பிட்டுக் கேக்கலே. தலையை மட்டும் ஆட்டுவார்.

2004-லே ஒரு நாள் கடை மூடியிருந்தது. ஊருக்கே போயிட்டார்னு சொன்னாங்க. எந்த ஊர்னு நாங்க என்றைக்குக் கேட்டோம்? இப்போ அங்கே செல்போன் ரிப்பேர் கடை.

தெருக்கடைகள் காணாமப் போச்சுன்னு இங்கே எல்லாரும் பேசினோம். என் தெருவிலே ஒரு கடை தானாக் காணாமப் போகலே ஐயா. நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

அம்மா 2019-லே காலமானாங்க. பெட்டியைத் திறந்தா, பட்டுப் புடவைக்கு அடியிலே அந்தச் சின்ன நோட்டு. கடைசிப் பக்கத்திலே அண்ணாச்சி கையெழுத்திலே 18.50. அடிக்கப்படாம இருக்கு. அம்மா கடைசி வருஷம்கூட ஒரு தடவை கேட்டாங்க: "ஏண்டா, அண்ணாச்சிக்கு அந்தப் பாக்கியைக் கொடுத்தியா?"

"போன வாரமே குடுத்தாச்சும்மா"ன்னு சொன்னேன்.

மணி அடிச்சிட்டீங்க, நடுவர் அவர்களே.