திறக்க மறுக்கும் திருகாணி



ஒரு பொருளின் உறுப்புகளைப் பிணைத்து நிறுத்துவனவற்றுள் திருகாணி மிகச் சிறியது; ஆயினும் பேரியந்திரங்களும் அதன் பிடியிலேதான் நிற்கின்றன. வீட்டுக்கு ஒரு திருப்புளி போதும் என்றிருந்த காலம் போய், இன்று நம் இல்லங்களிலுள்ள பல கருவிகளில் சாதாரணத் திருப்புளிக்கு இடங்கொடாத திருகாணிகள் இடம்பெற்றுள்ளன. உரிய கருவி கையில் இல்லாதபோது அவற்றைக் கழற்றும் வகை யாது? கழற்றலாகாத இடம் எது? இவ்விரண்டையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

திருகாணியின் தலையில் முதலில் இருந்தது ஒற்றைப் பள்ளமே. கனடா நாட்டு ராபர்ட்சன் 1908ஆம் ஆண்டில் சதுரக் குழியை அமைத்தார். அமெரிக்கரான பிலிப்ஸ் 1936இல் சிலுவைப் பள்ளத்திற்குக் காப்புரிமை பெற்றார். கடைத்தெருவில் நாம் ‘ஸ்டார்’ என்று சொல்வது இதனையே. ஆறு முனையுள்ள ‘டார்க்ஸ்’ 1967இல் வந்தது. இவையெல்லாம் திருப்புளி வழுக்காமல் வேலை எளிதாக நடைபெறுவதற்கென்று தோன்றியவை.

பிற்காலத்தில் இக்கலை எதிர்த்திசையிலும் திரும்பியது. ஆறு முனைக் குழியின் நடுவே ஒரு சிறு முளையை நிறுத்தினர். முக்கோணக் குழியும், இரட்டைத் துளையும், முடுக்க மட்டுமே இடந்தரும் ஒருவழித் தலையும் வந்தன. 2009இல் ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினி ஒன்றின் மின்கலத்தை ஐந்திதழ்த் திருகாணியால் பூட்டியது.

எங்கள் ஊரப்பாக்கத்தில் அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர், சூடேறாத மின்கெட்டிலொன்றை என்னிடம் கொண்டுவந்தார். அடியில் இருந்தவை முக்கோணக் குழித் திருகாணிகள். மின்செருகியைப் பிடுங்கிவிட்டோமா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டோம். பிறகு, முக்கோணத்தின் ஒரு பக்கத்திற்குச் சரியாகப் பொருந்தும் சிறு தட்டைத் திருப்புளியைத் தேர்ந்து, நேராக நிறுத்தி, நன்றாக அழுத்தி, மெல்லத் திருப்பினோம். மூன்றும் கழன்றன. உள்ளே ஒரு கம்பி முனை கழன்று கருகியிருந்தது. அதனைச் சீர்செய்யும் பணியை மின்பணியாளரிடம் ஒப்படைத்தோம்.

இதில் அடங்கியுள்ள விதி ஒன்றே: அழுத்தம் மிகுதியாகவும் திருப்பம் குறைவாகவும் இருக்கவேண்டும். அழுத்தம் குறைந்தால் முனை வழுக்கும். வழுக்கினால் குழியின் விளிம்பு தேயும். தேய்ந்த பின்னர் உரிய கருவி கிடைத்தும் பயனில்லை. நடுமுளையுள்ள டார்க்ஸில், முளைக்கும் சுவருக்கும் இடையே நுழையும் சிறு தட்டைத் திருப்புளி சில வேளை உதவும். இரட்டைத் துளைக்குக் கூர்மூக்குக் குறட்டின் இரு முனைகள் போதும். ஒருவழித் தலை மேலே துருத்திக்கொண்டிருந்தால், ஹாக்சா பிளேடால் குறுக்கே ஒரு புதுப் பள்ளம் அறுக்கலாம். அல்லது அரத்தால் இருபுறமும் தட்டையாக்கிக் குறட்டால் பற்றலாம். இரும்புத்தூள் கண்ணில் தெறியாதபடி கண்ணாடி அணிதல் வேண்டும்.

மாமல்லபுரக் கரையோரத்தில் வாழ்வோர்க்கு இன்னொரு தடையும் உண்டு. உப்புக் காற்றால் மரைகள் துருவேறி இறுகிவிடும். அங்கே வலிமை காட்டுவதைவிடக் காத்திருத்தலே மேல். மின்னிணைப்பற்ற கதவு, சன்னல் போன்றவற்றில் ஓரிரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவைத்து, தலையில் இலேசாகத் தட்டிப் பின் திருப்புக. இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும் என்பது பொது விதி. மேசை மின்விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் மறையோ பெரும்பாலும் வலஞ்சுழியாகத்தான் கழலும். விதிவிலக்கை அறியாதவன் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்பான்.

இனி, கை வைக்கலாகாதவை. மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளிருக்கும் மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பின்னும் உயிர் போக்கவல்ல மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கக்கூடும். கைபேசியின் மின்கலத்தில் திருப்புளி குத்தினால் தீப்பற்றும். மின்னளவியைச் சிதைத்தல் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம். எங்கள் ஊர் வழியே செங்கற்பட்டுக்கு ஓடும் இரயில்களின் பாதையில் ஒவ்வொரு பிடிப்பும் ஆயிரமாயிரம் உயிர்களுக்குக் காவல். இவற்றின் பூட்டு நம்மைத் தடுப்பதற்கன்று, காப்பதற்கு.

ஆனால் எல்லாப் பூட்டும் அத்தகையதன்று. வாங்கியவனே தன் பொருளைப் பழுதுபார்க்காதபடி, நிறுவனத்தின் பணிமனைக்கே அவன் திரும்பி வரவேண்டும் என்று அமைந்த பூட்டும் உண்டு. இதனைக் கருத்திற்கொண்டே இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 சூலையில் ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. பழுதுபார்க்கும் உரிமை என்பது வெறும் சிக்கனமன்று. குப்பையாகும் பொருளைக் குறைப்பது. தெருமுனைப் பணியாளரின் பிழைப்பைக் காப்பது.

ஆகவே மாணவர்களே, திறக்க மறுக்கும் திருகாணியைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என் பொருளா? எதைக் காக்க இது பூட்டப்பட்டது? வழுக்கினால் யாருக்குத் துன்பம்? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் அஞ்சாது தொடங்குங்கள். அவசரமில்லையாயின், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விற்கும் பலமுனைத் தொகுப்பு ஒன்றை வாங்கிக்கொள்வதே நன்று. மாற்று வழி அறிந்திருப்பது திறமை. உரிய கருவிக்காகக் காத்திருப்பது அதனினும் பெரிய திறமை. கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் வரிசை மாறாமல் வையுங்கள். திரும்பப் பூட்டி முடித்தால்தான் வேலை முடிந்தது.