வெயில் யாருக்குச் சொந்தம்?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி உயர்வு கேட்கும் கூட்டத்தில் கலையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஆலைச் சங்கு ஊதி வீடு திரும்புகிறவனுக்கும், அறுப்பு முடித்துக் கரையேறுகிறவளுக்கும் உட்கார ஓர் இடம் வேண்டாமா? கண் குளிர ஒரு காட்சி வேண்டாமா? அதெல்லாம் காசுள்ளவனுக்குத்தான் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

குரோஷியா நாட்டில், அட்ரியாடிக் கடலோரத்தில், ஸாதர் என்றொரு பழைய நகரம். இரண்டாம் உலக யுத்தத்தில் பாசிஸ்டுகளின் பிடியில் இருந்தது. 1943-44ல் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளால் நகரின் பெரும்பகுதி பாழாயிற்று. 1944ல் யூகோஸ்லாவிய விடுதலைப் படை நகரை மீட்டது. யுத்தத்திற்குப்பின் அவசர அவசரமாகக் கட்டியபோது, கடற்கரைக்குக் கிடைத்தது வெறும் சிமெண்டுச் சுவர்தான்.

நிக்கோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் அங்கே இரண்டு காரியங்கள் செய்தார். 2005ல், சுமார் 70 மீட்டர் நீளத்துக்குக் கடலில் இறங்கும் கற்படிகள். அடியில் 35 குழாய்கள். அலை மோதும்போது குழாயிலுள்ள காற்று உந்தப்பட்டு இசை எழுகிறது. வாசிப்பவன் கடல்!

2008ல், பக்கத்திலேயே, 22 மீட்டர் அகலமுள்ள வட்டத்தில், தரையோடு தரையாக 300 கண்ணாடித் தகடுகள். அவற்றுக்குள் சூரிய மின்கலங்கள். பகலெல்லாம் வெயிலை வாங்கி மின்சாரமாக்குகின்றன. இருட்டியதும் அந்த வட்டம் பல வண்ணங்களில் ஒளிர்கிறது. கடற்கரை விளக்குகளுக்கும் அந்த மின்சாரம் உதவுகிறது.

தோழர்களே, கவனியுங்கள்! வேலி இல்லை, காவல்காரன் தடுப்பதில்லை, டிக்கெட் இல்லை. குழந்தைகள் அந்தக் கண்ணாடி மேலேயே ஓடியாடுகிறார்கள்.

அந்த நாடு சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கும் இன்று முதலாளித்துவ ஆட்சிதான். உல்லாசக் கப்பலில் வரும் பணக்காரர்களை மனத்தில் வைத்தும்தான் துறைமுகத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் கல்தச்சனின் உளியும், இசைக்கருவி செய்வோனின் கைத்திறனும், விஞ்ஞானியின் அறிவும் சேர்ந்து படைத்ததை, ஊர் மக்கள் அனைவரும் அனுபவிக்கிறார்கள். அதுதான் பாடம்.

வெயிலுக்குப் பட்டா கிடையாது. அலைக்குக் குத்தகை கிடையாது. ஆனால் வெயிலைப் பிடிக்கும் தகடும், தகடு பதிக்கும் நிலமும் யார் கையில் இருக்கின்றன? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

நாளை உங்கள் ஊரில் பூங்கா என்றும் சூரிய விளக்கு என்றும் திட்டம் வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். நிலம் யாருடையது? வெளிச்சம் யாருக்கு? வாசல் யாருக்குத் திறந்திருக்கும்?

சோறும் வேண்டும், அழகும் வேண்டும். இரண்டையும் படைப்பது நம் கைகள். இரண்டையும் கேட்கும் உரிமையும் நமக்கே!