அட்டையில் அச்சிட்ட எண்

தேக்காவின் தீபாவளி ஒளியூட்டை ஆண்டுதோறும் படம்பிடித்து வந்தோம். அந்தக் காணொளிகளை எல்டிஓ-8 காந்த நாடாவில் ஏற்றினோம். நாடாவின் அட்டையில் 30 டெராபைட் என்றிருந்தது. 12 டெராபைட்டிலேயே நிறைந்துவிட்டது. கருவிக்குள் இருக்கும் சுருக்கும் வசதி பழுதாகிவிட்டது என்று பதறினோம்.

பழுது எங்கள் கணக்கில்தான். தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு அச்சிட்ட எண் 30. நாடாவின் உண்மைக் கொள்ளளவு 12தான். எழுத்துக் கோப்புகள் நன்றாகச் சுருங்கும். காணொளியோ கேமராவிலேயே சுருக்கப்பட்டது. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் தண்ணீர் வருமா? மென்பொருள் முன்கூட்டியே சுருக்கினாலும், மறையாக்கம் செய்தாலும் இதே கதைதான்.

உங்களுக்கும் ஐயம் வந்தால், மென்பொருளின் சுருக்கத்தை நிறுத்திவிட்டு, நிறைய எழுத்துக் கோப்புகளை ஏற்றிப் பாருங்கள். குறைந்த இடத்தில் அடங்கினால் கருவி நலமே. காணொளிக்கு 12 என்றே கணக்கிட்டு நாடா வாங்குங்கள்.

2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் சிலருடைய மடல்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றை நாடாவிலிருந்தே மீட்டது. நாடா நம்மைக் கைவிடாது, முழுவதையும் அதில் ஏற்றியிருந்தால்! அன்று நாங்கள் இரண்டாவது நாடாவைப் போடாமல் விட்டிருந்தால், பாதித் தீபாவளிகள் வெளியிலேயே நின்றிருக்கும்.