சீர்காழியிலிருந்து லண்டனுக்கு

பிரெஞ்சு தேசத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய காரைக்கால் மக்களுக்கு, நமக்கு வடக்கே இருக்கும் சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்த எஸ். ஆர். ரங்கநாதன் என்ற கணித ஆசிரியரின் அந்நிய தேச வாசத்தைப் பற்றிச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துவந்த அவர், 1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்று, ஆளரவமில்லாத அந்தத் தனிமையைச் சகிக்க மாட்டாமல் சில நாட்களிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டபோது, 'முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்து வாரும். அப்புறமும் மனம் ஒட்டாவிட்டால் வகுப்புக்கே திரும்பலாம்' என்ற ரீதியில் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் விவேகிகள் என்பது என் அபிப்பிராயம்.

லண்டனில் பாடத்தோடு அவர் நிற்கவில்லை. பல நூலகங்களை நேரில் பார்த்தார். செல்பிரிட்ஜ் என்ற பெரிய கடையிலோ, துளையிட்ட உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி, அதே துண்டுகளைக் கொண்டே வெவ்வேறு பொம்மைகளை விற்பனையாளர் செய்து காட்டிய மெக்கானோ விளையாட்டைக் கண்டு, நூல்களின் விஷயங்களையும் இப்படிப் பகுத்துக் கோக்கலாமே என்று யோசித்தார். அந்த யோசனையே 1933-இல் 'கோலன் பகுப்பு முறை' என்ற நூலாயிற்று.

1925-இல் ஊர் திரும்பியவர், கணித வகுப்பைக் கேட்கவே இல்லை. இருபது ஆண்டுகாலம் அந்த நூலகத்திலேயே உழைத்தார். அவர் நினைவாக ஆகஸ்டு 12-ஆம் தேதியை நம் நாட்டில் நூலகர் தினமாக அனுசரிக்கிறார்கள்.