மனசுக்கும் வேண்டும் நடைப்பயிற்சி
(மாட்டுங்காவில் மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உடற்பயிற்சி என்றதும் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் என்றுதான் பேசுகிறோம். நான் இன்று மனசைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

நம்மில் பலர் முப்பது, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள். நாற்காலியில் இருந்தவரை பத்துப் பேர் எழுந்து நின்று 'ஸார்' என்றார்கள். ரிடயரான பிறகு டெலிபோன் மணிகூட அடிப்பதில்லை. பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில். 'இனி நம்மால் யாருக்கு என்ன பிரயோஜனம்?' என்ற எண்ணம் மெதுவாக உள்ளே புகுந்துவிடுகிறது. தூக்கம் குறைகிறது, பேச்சு குறைகிறது. வீட்டார் 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். பல சமயம் அது வைத்தியம் தேவைப்படும் மனச்சோர்வு.

நான் விஞ்ஞானம் படித்தவன், ஆதாரத்தோடுதான் சொல்வேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் மனச்சோர்வால் அவதிப்பட்ட, ஐம்பது வயதைக் கடந்த 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். மாத்திரை முதலில் சற்று வேகமாகப் பலன் தந்தது. ஆனால் 16 வாரம் கழித்து மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். இது 1999-ல் வெளியான ஆய்வு. 2011-ல் வெளியான மற்றொரு ஆய்வில், ஒரு வருஷம் முறையாக நடந்த முதியவர்களுக்கு, ஞாபக சக்திக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது.

சுயமதிப்புக்கு வருகிறேன். 'நாளை காலை ஆறு மணிக்கு நடப்பேன்' என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, அப்படியே செய்து முடித்தால், 'சொன்னதைச் செய்தேன்' என்ற திருப்தி வருகிறது. இதற்கு யாருடைய கையெழுத்தும் சிபாரிசும் தேவையில்லை.

இடத்துக்கும் பஞ்சமில்லை. மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. செம்பூரில் டயமண்ட் கார்டன் இருக்கிறது. தாராவியை ஒட்டிய மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பை மேடு. 1994-ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நம் மேம்பாலத்தின் அடியில், குடியிருப்போர் விடாமல் முயன்றதால் 2016-ல் நானாலால் மேத்தா பூங்கா வந்தது. நர்மதை நதியைப் போல வளைந்து செல்லும் அதன் பாதை சுமார் 600 மீட்டர். தலைக்கு மேல் பாலம் இருப்பதால் மழைக்காலத்திலும் நடக்கலாம். உரையைப் பத்திரிகையில் படிக்கும் வெளியூர் அங்கத்தினர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பூங்காவோ கோயில் பிராகாரமோ நிச்சயம் இருக்கும்.

எவ்வளவு நடப்பது? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் என்கிறது. தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். முடியாதவர்கள் பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். இருதயக் கோளாறோ மூட்டு வலியோ உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டிடத்தில், கொஞ்ச நாளாக வெளியே வராத மாமாவோ மாமியோ இருக்கலாம். நாளைக் காலை அவர்கள் வீட்டு மணியை அடித்து, 'வாங்கோ, ஒரு சுற்று போய்ட்டு வரலாம்' என்று கூப்பிடுங்கள். தனியாக எழுந்து வர மனசில்லாதவர்களும் துணை கிடைத்தால் வருவார்கள்.