பூங்குழலியும் பேசாலைக் கரையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னை நீரிழிவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கிளினிக்கில் கிழமைக்கு மூன்று நாள் அதைத்தான் பேசுகிறேன். இங்கேயும் பேசினால் நீங்கள் தேத்தண்ணிக்குச் சீனி போடப் பயப்படுவீர்கள். ஆகவே, படம் பார்க்கிற ஒருத்தியாக, கதைப் புத்தகம் வாசிக்கிற ஒருத்தியாக வந்து நிற்கிறேன். புத்தகத்தில் இருந்த கதை படத்துக்குப் போகும்போது யார் யாரைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. கணித பாடத்தில் மேசைக்குக் கீழே நாவல் வைத்து வாசித்துப் பிடிபட்டவள் என்ற தகுதி எனக்கு உண்டு. பிடித்த ரீச்சர் முன்வரிசையில் இருந்து சிரிக்கிறா.

எங்கள் பெரியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. ஞானசௌந்தரியைக் கூத்தாக விடியவிடியப் பார்த்தவர்கள் அவர்கள். 1948இல் சிட்டாடல், ஜெமினி என்று இரண்டு கம்பனிகள் அதே கதையைப் போட்டி போட்டுப் படமாக்கின. சிட்டாடலின் படம்தான் ஓடியது. ஜெமினி வாசன் தன்னுடையதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். என் அம்மம்மாவிடம் கேட்டால் இரண்டையும் தள்ளிவிடுவா. "கூத்தில கையை வெட்டேக்க எங்களுக்கு நொந்தது, படத்தில அவளுக்கு மட்டும்தான் நொந்தது" என்பது அவவின் தீர்ப்பு. வெட்டிய கை மாதாவின் அருளால் திரும்ப வருகிற கதை அது. சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலை செய்த காலத்தில் அதை அடிக்கடி நினைத்திருக்கிறேன்.

இனி பொன்னியின் செல்வன். 1990இல் எங்கள் குடும்பம் இரவில் படகேறி இராமேஸ்வரம் பக்கம் போனது. எனக்குப் பதினொரு வயது. ஓட்டி எங்களை ஒரு தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். விடியும்வரை முழங்கால் தண்ணீரில் நின்றோம். பிறகு மண்டபம் முகாம். அங்கே ஓர் அக்காவிடம், கல்கி இதழில் இருந்து வெட்டிக் கட்டிய ஒரு புத்தகம் இருந்தது. ஐந்து பாகங்களில் இரண்டாவது மட்டும். அந்தப் பாகம் பூங்குழலியில்தான் தொடங்குகிறது. கோடிக்கரையில் தனியாகப் படகு வலிக்கிற பெண். அவள் வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கத்துக்கு, இலங்கைக்கு, வருகிறாள். நாங்கள் வந்த வழியை அவள் மறுபக்கமாகப் போகிறாள்! எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. மற்ற நான்கு பாகங்களும் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு இந்தப் பள்ளிக்கூட நூலகத்தில்தான் கிடைத்தன. கடைசிப் பாகத்தில், சேந்தன் அமுதனைக் கட்டிய அந்த ஓடக்காரப் பெண் சோழ நாட்டுக்கே இராணியாகிறாள் என்று வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோசத்தில்.

2022இலும் 2023இலும் மணிரத்னம் அதை இரண்டு படமாகத் தந்தார். அம்மாவையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஐஸ்வர்யா லெக்ஷ்மி நல்ல பூங்குழலிதான். கடல் நீலமாக, மிக அழகாக இருந்தது. அம்மா மட்டும், "ஒருத்தருக்கும் சத்தி வரேல்லையே" என்றா. மணிமேகலையை அடியோடு எடுத்துவிட்டார்கள், பொறுத்தேன். முடி அமுதனுக்கு வராமல் மதுராந்தகனாக நடித்த ரகுமானுக்குப் போனது. அதோடு பூங்குழலி இராணியாவதும் போயிற்று. அதைப் பொறுக்கவில்லை. "அம்மா, ஐந்து பாகத்தை ஐந்தரை மணித்தியாலத்தில எப்படிச் சொல்லுறது?" என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. எதையாவது வெட்டத்தான் வேணும் என்று எனக்கும் தெரியும். ஆனால் வெட்டுப்படுவது ஏன் எப்போதும் படகு வலிக்கிறவளுடைய பங்காக இருக்கிறது?

வெற்றிமாறனின் அசுரனைப் பற்றி ஒரு சொல். பூமணியின் வெக்கையில் அப்பனும் மகனும் காட்டுக்குள் ஒளிந்து திரிவதே போதுமான கதை. பின்கதை எனக்குத் தேவைப்படவில்லை. தனுஷ் ரசிகைகள் பிறகு வந்து சண்டை பிடிக்கலாம்.

நான் உண்மையில் பேச வந்தது வாடைக்காற்று பற்றி. செங்கை ஆழியான் எழுதி, வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல். வாடைக்காலத்தில் வாடியடித்து மீன் பிடிக்க வருகிற சம்மாட்டிமாரும், அந்தக் கரையில் இருக்கிற பெண்களும். கதை நடப்பது நெடுந்தீவில். பிரேம்நாத் மொறாயஸ் இயக்கி 1978இல் படமாக வந்தது. ஏ. ஈ. மனோகரன் நடித்தார், டொக்டர் இந்திரகுமாரும் நடித்தார், எங்கள் தொழிலுக்கும் கொஞ்சம் பெருமை. நெடுந்தீவுக் கதைக்கு எங்கள் பேசாலைக் கரையில் கமரா வைத்தார்கள் என்று அம்மம்மா சொல்லுவா. அவ கருவாடு காயப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில்தானாம். "விலகுங்கோ எண்டு சொன்னவங்கள், நான் விலகேல்லை. என்ர முதுகு படத்தில இருக்கு" என்பா. மாமாமார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நாவலைப் பலமுறை வாசித்துவிட்டேன். படத்தை இன்றுவரை பார்க்கக் கிடைக்கவில்லை. நான் அறிந்தது அம்மம்மா சொன்ன படம் மட்டும். அதில் காதல் குறைவு, கருவாடு அதிகம். நாவலில் பெயரில்லாமல் கரையில் நிற்கிற பெண்கள் அவவின் படத்தில் வாய் திறந்து பேசுவார்கள், விலை கேட்பார்கள், சம்மாட்டியை ஏசுவார்கள்.

அம்மம்மா மண்டபத்திலேயே மோசம் போய்விட்டா. வீட்டில் இருந்த போட்டோக்கள் வீட்டோடு போயின. அவவின் முகம் இருக்கிற ஒரு படமும் எங்களிடம் இல்லை. புத்தகம் நல்லதா படம் நல்லதா என்று யாராவது வாதாடும்போது நான் வாடைக்காற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. அது நல்ல படமோ கூடாத படமோ, எனக்கு ஒரு முதுகு வேண்டும்.

அந்தப் படம் வந்த நாளில் பார்த்த அக்காமார் இந்த மண்டபத்தில் இருக்கக்கூடும். இடது தோள் சற்றுச் சரிந்திருக்கும். தலையில் மடித்த சாக்குத் துண்டு. குனிந்து கருவாடு திருப்பிக்கொண்டு நிற்பா, கமராவைப் பார்க்கமாட்டா. அப்படி ஒருத்தியைக் கண்ட ஞாபகம் யாருக்காவது இருந்தால் தேத்தண்ணி நேரத்தில் என்னிடம் வாருங்கள். எத்தனை கரண்டி சீனி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன்.