சிவப்புப் பேனா

(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



காலையில் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இறுதியாண்டுத் தம்பி ஒருவர், "அண்ணா, நிலம், கட்டடத்துக்கு மதிப்பு போடுற வேல்யூவர் ஆகணும்னா என்ன பரீட்சை எழுதணும்?" என்று கேட்டார். அதைச் சொல்வது சுலபம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 247; அதன்கீழ் 2017-இல் வந்த விதிகள். சிவில் பட்டம், பிறகு ஐந்து வருஷ அனுபவம், மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி 50 மணி நேர வகுப்பு, ஐ.பி.பி.ஐ. தேர்வு. அவ்வளவுதான். ஆனால் தொழிலை யாரிடம் கற்றுக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை. அதற்கு விடை தேடி நான் இரண்டு வருஷம் அலைந்தேன்.

படிப்பு முடிந்ததும் எனக்கு வேலை கிடைத்தது தேர்வாய் கண்டிகை சிப்காட்டில். மிஷலின் டயர் தொழிற்சாலை வந்த இடம் என்றால் உங்களுக்குத் தெரியும். ஷெட்டுகள் எழுப்பும் கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினீயர். ஆறு வருஷம் கான்கிரீட்டோடு காலம் போயிற்று. பிறகுதான் மதிப்பீட்டுத் தொழிலில் ஆசை வந்தது. தெரிந்த மதிப்பீட்டாளர்களுக்கெல்லாம் கடிதம் போட்டேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "உனக்குச் சொல்லிக் கொடுத்தா நாளைக்கு அதே பேங்க்ல நீயும் வந்து நிப்பே தம்பி."

கடைசியில் ஓர் அலுவலகம் சேர்த்துக்கொண்டது. நான் போய் போட்டோ எடுப்பேன், டேப் பிடிப்பேன். தொகையை அவர்கள் நிரப்புவார்கள். எவ்வளவு கடன் வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு மதிப்பு போடுவார்கள். இதுதான் தொழில் போலிருக்கிறது என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் அளந்த வீட்டின் ரிப்போர்ட்டைப் படித்தேன். "நேரில் பார்வையிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தவர் அந்தத் தெருவுக்கே வந்ததில்லை. அடுத்த வாரம் விலகிவிட்டேன்.

அதன்பின் என் புத்தியில் எது உறைத்ததோ, வேலை கேட்பதை நிறுத்தினேன். எங்கள் அப்பா கட்டிய வீட்டுக்கே ஒரு ரிப்போர்ட் எழுதினேன். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், தேய்மானக் கணக்கு எல்லாம் வைத்து 14 பக்கம். அதை எடுத்துக்கொண்டு திருவள்ளூரில் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஐயா, வேலை வேண்டாம். இதைப் படிச்சுத் தப்பு மட்டும் சொல்லுங்க" என்றேன். சிவப்புப் பேனாவை எடுத்தார். 31 இடத்தில் சுழித்தார். முதல் சுழி, வழிகாட்டி மதிப்பையே சந்தை மதிப்பாக நான் எடுத்திருந்த இடத்தில். "2017 ஜூன்ல கவர்ன்மென்ட் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சுதே, அன்னைக்கு ராத்திரி உங்க அப்பா மனை மூணுல ஒரு பங்கு சுருங்கிடுச்சா?" என்றார். பத்து மணிக்குப் போனவன் சாயங்காலம்தான் எழுந்து வந்தேன். "அடுத்த ரிப்போர்ட் எழுதினா கொண்டா" என்றார். மூன்றாவது ரிப்போர்ட்டுக்குப் பிறகு அவரே கூட அழைத்துப் போக ஆரம்பித்தார்.

நான் ஷெட் கட்டின அதே சிப்காட்டில் ஒரு தொழிற்கூடத்துக்கு மதிப்பு போட வேண்டி வந்தது. எனக்குத் தெரிந்த மண் அல்லவா? வேலிக்கு வெளியே விற்ற பட்டா நிலங்களின் விலையை ஒப்பிட்டு ஜம்மென்று எழுதிவிட்டேன். "நிலம் யாருது?" என்றார். "கம்பெனியுது ஐயா." "பத்திரத்தைப் படிச்சியா?" படித்தால், 99 வருஷக் குத்தகை. கைமாற்ற வேண்டுமானால் சிப்காட் அனுமதி வேண்டும். மிச்சமிருக்கும் வருஷங்களின் உரிமைக்குத்தான் மதிப்பே தவிர, மண்ணுக்கு இல்லை. ஆறு வருஷம் அந்த மண்ணில் நின்றவனுக்கு இது தெரியவில்லை! சிப்காட் வருவதற்கு முன்னால் அது ஊர் மாடு மேய்ந்த மேய்ச்சல் நிலம், அதற்காக ஊரார் போராடினார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். "அந்த மதிப்பை எழுத நம்ம படிவத்துல கட்டம் கிடையாது" என்றார்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து, அரை டி.எம்.சி. கொள்ளளவில் சென்னைக் குடிநீருக்கான நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறு வீடு. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் கணவனும் மனைவியும் கடன் வாங்கி வாங்க இருந்தார்கள். மே மாதம் போனேன். தரை காய்ந்து கிடந்தது. நல்ல விலை போட்டேன். பெரியவர் கேட்டார்: "பக்கத்து வீட்டுக்குப் படி எத்தனை? சுவத்துல உப்பு எந்த உயரத்துக்குப் பூத்திருக்கு?" நான் பார்க்கவில்லை. மறுபடி போனேன். நான்கு படி, உப்பு முழங்கால் உயரம். தெருவில் விசாரித்தால், "கார்த்திகையில வந்து பாருங்க சார்" என்றார்கள். மதிப்பைக் குறைத்தேன். வங்கி கடனைக் குறைத்தது. அவர்களால் மிச்சப் பணம் புரட்ட முடியவில்லை. கொடுத்த அட்வான்ஸ் ஒரு லட்சமும் போயிற்று. அந்த அம்மா போனில், "உங்களுக்கு என்ன சார், எழுதிட்டுப் போயிட்டீங்க" என்று அழுதார்.

அன்று இரவு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. மேஜை டிராயரிலிருந்து பழுப்பேறிய ஒரு கார்பன் காப்பியை எடுத்தார். அவர் தொழிலுக்கு வந்த புதிதில், தாட்சண்யத்துக்காகக் கூட்டி எழுதிய ரிப்போர்ட். கடன் கட்ட முடியாமல் அந்த வீடு ஏலத்துக்குப் போனது. ஏலத் தொகை கடனுக்கே போதவில்லை. "வீடும் போச்சு, கடனும் நின்னுச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

2021 நவம்பர் மழையில் அந்தத் தெருவுக்கு ஒருமுறை போனேன். வாசலில் முழங்கால் தண்ணீர். அந்த அம்மாவுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன், செய்யவில்லை.

பெரியவருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. சைட்டுக்கு வருவதில்லை. போன வருஷம் அந்தச் சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்தார். ரீஃபில் மாற்றி வைத்திருக்கிறேன். தம்பி, உங்கள் வீட்டுக்கே ஒரு ரிப்போர்ட் எழுதி எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கும்மிடிப்பூண்டியில் வீட்டில்தான் இருப்பேன்.